தூங்காத் தூண்டில்

கோடரிக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம் ஐயா. குழந்தை என்றால் யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். கோடரிக்கு நான் ஒருவன்தான்.

வீடியோ விளையாட்டுகளில் வரும் மந்திர ஆயுதங்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது என் வேலை. ஆயுதத்தின் படத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். ஆங்கிலப் பெயர் மட்டும் வரும். வீட்டில் நானும் ஃபிரிட்ஜும். அதுவாவது அவ்வப்போது முனகும். அலுவலகத்தில் என்னோடு பேசுகிறவன் ஒருவன்தான்: விளையாடிப் பார்த்துக் குறை சொல்பவன். வீரன் என்று கூப்பிடுவோம். நான் வைக்கும் பெயரை நாற்காலிமேல் ஏறி நின்று, எதிரி முன்னால் நிற்பதுபோலக் கத்துவான். ஒரே மூச்சில் கத்த வராத பெயர் தேறாது.

“நித்திய சாபத்தின் நீலச்சுடர்ப் பெருவாளா? இத சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிரி வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு வந்துடுவான் புலவரே.”

“உனக்கு மூச்சு பத்தலன்னா அதுக்கு நான் என்னடா பண்றது?”

ஒரு நாளில் நான் மனிதரோடு பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. மனைவி நிறைமாதம். “அங்க போனாதான் நாங்க நிமிர முடியும் புலவரே,” என்றான். வாழ்த்தினேன். கைகூடக் குலுக்கினேன்.

எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. விளையாட்டு வெளிவருமுன் பெயர்ப்பட்டியல் கசிந்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொருவர் பிரதியிலும் விளையாட்டிலேயே இல்லாத ஓர் ஆயுதத்தைச் சேர்த்துவைப்போம். கசிந்தால் யார் பிரதி என்று அது காட்டிக்கொடுத்துவிடும். யாருக்கு எது என்பது மேலாளருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பொய்ப் பெயர் வைப்பதும் நான்தானே. வீரனுக்கு ‘தூங்காத் தூண்டில்’.

அந்தத் தூண்டிலோடு பட்டியலை இணையத்தில் போட்டேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். நினைத்தேன்.

வீரனுக்கு இங்கே வேலை போயிற்று. புது நிறுவனமும் கதவைச் சாத்தியது. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, என் தோளில் சாய்ந்து அழுதான். “நீங்க ஒருத்தர்தான் என்னை நம்புறீங்க,” என்றான். தேநீர் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டில் இரண்டாவது கோப்பைக்கு வேலை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நல்ல மாலை ஐயா அது. மறுநாள் நீங்கள் அவனை அழைத்துப் போனீர்கள். குழந்தை பிறந்தபோது உங்கள் காவலில் இருந்தான்.

நான் மாட்டியது கைப்பழக்கத்தால். பட்டியலைப் போடும்போது ‘எலும்பு நொறுக்கி’ என்று ஒரு கோடரி கண்ணில் பட்டது. சமையலறைச் சாமான் மாதிரி. சகிக்காமல் ‘என்புதின்னி’ என்று மாற்றினேன். அந்தப் பெயர் வீரன் பிரதியில் கிடையாது. என் கணினியைத் தவிர எங்கேயும் கிடையாது. துரோகம் என்றாலும் ஒரு தரம் வேண்டாமா?

ஆக, செய்தது நான். அவனை வெளியே விடும்போது சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கோபப்படுவான். அப்புறம் எப்படியும் என்னைப் பார்க்க வருவான். வாரத்தில் எந்த நாள் அவனுக்குத் தோது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.