ஐந்தருவிக் கொட்டகை

“என்ன சிஸ்டர், இன்னைக்கும் ஒருத்தனும் வழுக்கலையா?”

“வழுக்கணும்னு சொல்லுதீயளா டாக்டர்?”

“சேச்சே. யாரும் வழுக்கவே கூடாது. ஆனா வழுக்குனா, வேற எங்கயும் போகாம நேரா இங்கன வந்துரணும்.”

எழுபத்தெட்டாம் வருஷத்துச் சீசனில் டாக்டர் பால்வண்ணநாதனும் நானும் பேசிக்கொண்டது இது. நான் உலகம்மை, ஸ்டாஃப் நர்ஸ். அவர் அப்போது ஹவுஸ் சர்ஜன். படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சியில் இருந்தார். சாரல் தொடங்கியதும் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, கட்டில், மேஜை, ஸ்டவ் அடுப்பு எல்லாம் கொடுத்து எங்களை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அருவியில் அடிபடுகிறவர்களுக்கு அவசர சிகிச்சை எங்கள் பொறுப்பு. வாசலில் ஒரு ஜீப்பும் அதற்கு ஒரு டிரைவரும் உண்டு.

டாக்டரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. பாட்டுப் பாடிக்கொண்டே மாத்திரை எண்ணுவார். குறை என்று சொன்னால் ஒன்றுதான். ரத்தத்தைப் பார்த்தால் அவர் கை நடுங்கும். சீசன் முடிவதற்குள் அந்த நடுக்கம் நிற்காவிட்டால் பயிற்சியில் தேறவிட மாட்டேன் என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிவகிரியில் அவருடைய அப்பாவுக்கு ரைஸ்மில் இருந்தது. “மில்லுல ரத்தம் கிடையாது சிஸ்டர், தவிடுதான்” என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

காயத்தைத் தைத்தால்தான் கை பழகும். அந்த வருஷமோ தண்ணீர் சுமாராகத்தான் விழுந்தது. கூட்டமும் இல்லை.

மதுரையிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தானாகவே வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தார். அவர் விஷயத்தில் என் மேல் எந்தத் தப்பும் கிடையாது. முதல் தையலுக்கு டாக்டரின் கை ஆடியது. குப்புறப் படுத்திருந்த அந்த மனிதரே, “மெதுவாவே தைங்க தம்பி. எங்க டெய்லர் ஒரு ரவிக்கைக்கு ஒரு மாசம் எடுக்கிறான், அவனையே நான் ஒண்ணும் கேக்கிறதில்ல” என்று தைரியம் சொன்னார். கடைசித் தையலில் கை ஆடவே இல்லை. அன்று டாக்டர் எல்லாருக்கும் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் என்னைப் புரிந்துகொள்வீர்கள்.

அதற்குப் பிறகு பல நாள் யாரும் வரவில்லை. மறுபடியும் ரைஸ்மில் பேச்சு ஆரம்பித்தது.

குற்றாலத்தில் எண்ணெய் இல்லாத இடம் ஏது? வருகிறவர்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு பாறையெல்லாம் பளபளக்க நடப்பார்கள். காலையில் பஞ்சாயத்து ஆட்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுப் படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவார்கள். அதன் பிறகுதான் நான் குளிக்கப் போவேன். எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்கள் கிண்ணத்தில் மிச்சம் வைத்திருப்பதை எடுத்து, ஆண்கள் பக்கம் திரும்புகிற படியில் கொஞ்சம் சாய்த்துவிட்டு வருவேன். நான் செய்தது அவ்வளவுதான். அங்கே படியில் எண்ணெய் கிடந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

பொறுப்பில்லாமல் செய்யவில்லை. உயரமான படிகளை நான் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகள் வரும் என்பதால் அன்றைக்குச் செய்ய மாட்டேன். கொட்டகைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஊசி, கத்தரி எல்லாவற்றையும் கொதிக்க வைத்துவிடுவேன். ஆள் வந்து சேரும்போது தட்டு தயாராக இருக்கும். “சிஸ்டருக்கு ஜோசியம் தெரியும்லே” என்று டாக்டர் ஜீப் டிரைவரிடம் பெருமையாகச் சொல்வார். நாளுக்கு நாள் அவருடைய தையல் அழகாகிக்கொண்டே வந்தது.

கடையநல்லூர் காஜா கல்ஃபிலிருந்து லீவில் வந்திருந்தார். அந்தப் படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து தொங்குகிறது, அவரோ வாட்ச் கண்ணாடி கீறிவிட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே மாவுக்கட்டுப் போட்டார். அவருடைய முதல் மாவுக்கட்டு. காஜாவின் அம்மா ஹைருன் பீவி மறுநாள் பெரிய தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு கொண்டுவந்து எங்களுக்குப் பரிமாறினார். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியதில் காஜாவால் பாரம் தூக்க முடியாமல் போய், கல்ஃப் வேலை கைவிட்டுப் போனது உண்மைதான். ஆனால் அவருடைய மனைவி ஷமீம் பானுவை நினைத்துப் பாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து கடிதத்தோடு குடித்தனம் நடத்தியவள். இப்போது புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான். அந்த நல்லது என்னால் நடந்தது.

ஆவணி பிறக்கும்போது டாக்டரின் கை நன்றாக நின்றுவிட்டது. பெரிய டாக்டரே தட்டிக்கொடுத்தார். அதோடு நானும் நிறுத்திவிட்டேன். எண்ணெயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் குழல்வாய்மொழி வந்தாள். டாக்டருக்கு மாமா மகள். நிச்சயம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம், பிறகு மெட்ராஸில் மாமா வைத்துக் கொடுக்கிற கிளினிக் என்று ஏற்பாடு. இதையெல்லாம் டாக்டர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அவள் குடும்பத்தோடு அருவியில் குளிக்க வரும் நாளையும் சொல்லி, “நீங்கதான் அவளப் பத்திரமா கூட்டிட்டுப் போகணும் சிஸ்டர்” என்றார்.

மெட்ராஸில் தெருவுக்குத் தெரு டாக்டர்கள். தென்காசியில் அடிபட்டு வருகிறவனைத் தைக்க யார் இருக்கிறார்கள்? இத்தனை பேருடைய வலியில் பழகிய கை, இந்த ஊருக்குச் சொந்தம் இல்லையா? நான் யோசித்தது அவ்வளவுதான். அவர் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை.

அந்த ஒரு நாள் மட்டும், பெண்கள் பக்கத்தில், உயரமான படியில் ஊற்றினேன். அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்றேன்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. நான் அவளை மடியில் தாங்கிக்கொண்டேன். அவள் என் கையை இறுகப் பிடித்தாள். என் உள்ளங்கை எண்ணெயில் பிடி வழுக்கியது. நான் அன்று குளிக்கவில்லை, யூனிஃபாரத்தில்தான் இருந்தேன். அவள் என் கையையும் முகத்தையும் பார்த்தாள். டாக்டர் ஓடிவந்து பலகை வைத்துக் காலைக் கட்டினார். கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் காலை அப்படி நிதானமாக யாரால் கட்ட முடியும்? அன்றைக்குத்தான் அவர் முழு டாக்டர் ஆனார் என்று நான் எப்போதும் சொல்வேன்.

அவளுடைய அந்தக் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. டாக்டர் கல்யாணத்துக்குத் தயாராகத்தான் இருந்தார். அவள்தான், “பாவம்னு என்னைக் கட்டவேண்டாம் அத்தான்” என்று மறுத்துவிட்டாள். அவர் மெட்ராஸுக்குப் போகவில்லை. தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் கிளினிக் போட்டார். காபி கொடுக்கவும் ஆறுதல் சொல்லவும் நான் இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து எங்கள் கல்யாணம். பையனுக்கு இப்போது நாலு வயது. கிளினிக்கில் கூட்டம் அலைமோதுகிறது. கைராசி டாக்டர் என்று பெயர். எங்களைவிடச் சந்தோஷமான குடும்பத்தை நீங்கள் பார்க்க முடியாது.

குழல்வாய்மொழி சிவகிரியில் டீச்சராக இருக்கிறாள். சீசனுக்குச் சீசன் எங்கள் வீட்டில் வந்து தங்குவாள். என்னை அக்கா என்பாள், என் பையனுக்குக் கதை சொல்வாள். சூது வாது தெரியாத பெண். கூடப் பிறந்திருந்தால்கூட என் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்க மாட்டாள்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் போன ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சொதியும் இஞ்சித் துவையலும் செய்திருந்தேன். என் கணவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி கை கழுவிவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வருஷம் தவறாம இதுக்குத்தான் வாறேன். நாக்கு வரைக்கும் வந்துட்டு நின்னுருது.”

கேளு கேளு என்றேன். விழுந்த நாளிலிருந்து அருவிப் பக்கமே போனதில்லை, ஒரு தடவை ஐந்தருவிக்குப் போகவேண்டும் என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பயம் தெளிந்துவிட்டதே என்று, நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

அவள் என் கணவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையசைத்தாள்.

“கையெல்லாம் வேண்டாம்க்கா. அந்தப் படியில ஒரு கிண்ணம் எண்ணெய நான் ஊத்துதேன். நீங்க எனக்கு முன்னால நடக்கணும். அத்தான் என் பக்கத்துல நின்னு பாக்கணும்.”