சாவு வீட்டுக்குப் போகாத கேமரா

பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் எனக்கு எதிரே ஒரு குமாஸ்தாவும் அவருடைய அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில், அன்று காலையில் வாங்கிய சின்ன மடிப்புக் கேமரா இருந்தது.

“இனிமே செத்தவங்கள நான் படம் எடுக்கமாட்டேன்க்கா,” என்றார்.

“வீட்டுல பெரிய கேமரா இருக்கே. ரெண்டு வருஷமா அதத் தொடவே இல்ல. இது வேற எதுக்கு?”

“அதத் தூக்கினாலே சாவு வீட்டு ஞாபகம்தான் வருது. கல்யாணம்னா எல்லாரும் சீனன் ஸ்டுடியோவுக்குப் போறாங்க. பொணத்துக்கு மட்டும்தான் என்னக் கூப்பிட்டாங்க. படம் எடுக்கிற ஆசையே விட்டுப்போச்சு. இதக் கையில எடுத்ததும்தான் திரும்ப வந்துச்சு.”

“பாகான் டாலாம்ல இருக்கிற பெரியப்பா படுத்த படுக்கையா கிடக்காரு. அவருக்கு ஏதாச்சும் ஆனா, உன்னத்தானே கூப்பிடுவாங்க? மாட்டேன்னா ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும்லா. இப்ப அவருகிட்டதானே போறோம். சாய்ச்சு உக்கார வச்சு, வெத்தலை போடச் சொல்லி எடுப்பேன். அப்புறம் யாரு கூப்பிட்டாலும் போகமாட்டேன்.”

ஃபெரி கரையை நெருங்கியதும் அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“பல்லு இல்லாத மனுஷன் எப்படிடா மெல்லுவாரு? நான் இடிச்சுக் குடுக்கிறேன், வா.”