மை அழியும் வரை

“ஏங்கண்ணு, மாசாமாசம் எலக்சன் வெச்சா என்ன கொறஞ்சு போகுது?”

அருள்புரத்தில் பஸ் ஏறிய இரண்டு பனியன் கம்பெனிப் பெண்களில் மூத்தவர்தான் கேட்டார். எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எதுக்குக்கா அப்படிச் சொல்லுதீங்க?” இளையவளுக்குத் தெற்கத்திப் பேச்சு.

“போன வாரம் ஓட்டுப் போடப் போனனா, அங்க நின்ன போலீஸ்காரரு ‘வெயில்ல நிக்காதீங்கம்மா’ன்னு சேர் போட்டுக் குடுத்தாரு. நேத்து என்ற மொபெட்டக் காணோம்னு ஸ்டேசனுக்குப் போனா, அதே ஆளு. ஒரு மணி நேரம் நின்னேன், ஏறெடுத்துப் பாக்கல.”

“பொறவு?”

“மை வெச்ச வெரல மேசைல ஊனி, ‘சார், அன்னைக்கு நீங்க சேர் போட்டுக் குடுத்தது எனக்குத்தானுங்க’ன்னேன். சிரிச்சுட்டாரு. ஒடனே சேர் வந்துருச்சு.”

“கம்ப்ளைண்ட்ட எழுதிக்கிட்டாவளா?”

“நாளைக்கு வாங்கன்னுட்டாரு.” விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அதான் ஏனம் பாத்திரம் கழுவறத ஊட்டுக்காரருகிட்ட உட்டுட்டேன். வண்டி கெடைக்கற வரைக்கும் இந்த மை அழியக் கூடாது பாரு.”