பயிற்சிக் காரின் இரண்டாவது பிரேக்

விடிகாலை ஐந்தேகால். விரைவுச்சாலையில் போய்ச் சேர்கிற இணைப்புப் பாதை. ஒரு பக்கம் கம்பி வேலி, இன்னொரு பக்கம் வெறும் மண்... ஆள் நடமாட்டம் கிடையாது. முந்நூறு மீட்டரில் பாதை முடிந்துவிடும். அதற்குள் வேகமெடுத்து, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே நுழைந்துவிட வேண்டும். அங்கே நிற்கக் கூடாது. நிற்கவே கூடாது.

இது நான் காதால் கேட்ட கதை இல்லை. நடந்தது என் மச்சானுக்கு, என் மனைவியின் அண்ணனுக்கு. பின்சீட்டில் நான் இருந்தேன். பழுதான காரை இழுத்துக்கொண்டு இழுவை வண்டி நம் மெக்கானிக் கடைக்கு வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். தூக்கம் வருகிறவன் இப்போதே எழுந்து போகலாம். டேய் மொட்டை, சிரிப்பதானால் நீயும் இப்போதே சிரித்து முடித்துவிடு.

மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அவனுக்கு அதைப் பொருத்திக் கொடுத்தது நான்தான். அவனிடம் படித்தவர்கள் ஊருக்குள் ஒரு சைக்கிளைக்கூட உரசியது கிடையாது. அவன் பாடம் ஒன்றே ஒன்று. "பயமா இருக்கா? நிறுத்து. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

லைசென்ஸ் வாங்க, விரைவுச்சாலையில் நான்கு வகுப்பு கட்டாயம். மச்சான் யாரையும் அங்கே கூட்டிப்போனதில்லை. கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலி ரோட்டில் நாலு சுற்று சுற்ற வைத்துவிட்டு வகுப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவான். கேட்டால், "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான் மாப்ளே" என்பான். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

அவனிடம் ஒரு அம்மா படித்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர். இரண்டு பிள்ளைகள். அவள் வண்டியில் ஏறினாலே கிராம்புத் தைல வாசம் அடிக்கும். எதைச் சொன்னாலும் "சரிங்க சார்". லைசென்ஸ் வாங்கிய மூன்றாவது வாரம், தனியாக, முதல் தடவையாக விரைவுச்சாலைக்குப் போனாள். இணைப்புப் பாதையின் முடிவில் பயந்துவிட்டாள். சார் சொன்னபடி நிறுத்திவிட்டாள். பின்னால் ஜல்லி லாரி.

மச்சான் துக்கத்துக்குப் போனான். அவள் புருஷன் இவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லாத்தான் சார் சொல்லிக்குடுத்தீங்க. வீட்ல எப்பவும் உங்க பேச்சுத்தான்" என்று அழுதாராம். அடித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு மச்சான் திருந்தினான். படிக்க வந்த எல்லோரையும் நிஜமாகவே விரைவுச்சாலைக்குக் கூட்டிப்போனான். அப்போதுதான் ஆரம்பித்தது...

இணைப்புப் பாதையில் வண்டி அறுபதைத் தொடும். கிராம்பு வாசம் வரும். மச்சான் பக்கத்து பிரேக், தானாக, மெதுவாக, கீழே இறங்கும். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துப் பார்த்தான். அப்போதும் இறங்கியது. மூன்று தடவை வண்டி அந்தப் பாதையின் முடிவில் போய் நின்றது. மூன்று தடவையும் பின்னால் வண்டி வராதது அவர்கள் நல்ல நேரம்.

என் கடைக்குக் கொண்டுவந்தான். கேபிளைக் கழற்றிப் பார்த்தேன், ஸ்பிரிங்கைப் பார்த்தேன். ஓட்டுகிறவர் மிதித்தால் வாத்தியார் பெடல் அசையாது. வாத்தியார் பெடலை மிதித்தால்தான் அது இறங்கும். அப்படித்தான் பொருத்தியிருந்தேன். யாரோ மிதிக்கிறார்கள்...

இதற்கு நடுவில் மச்சான் மகளுக்குப் பக்கத்து ஊரில் வேலை கிடைத்தது. தினமும் விரைவுச்சாலையில்தான் போய்வர வேண்டும். "பேசாம வேற ஸ்கூல்ல சேத்துவிடு" என்றேன்.

"வேற ஸ்கூல்ல என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். "அந்த பிரேக்கை எடுத்துடு மாப்ளே. எம்பொண்ணுக்கு நானே சொல்லிக்குடுக்கறேன்."

எடுத்தேன். பெடல், கேபிள், போல்ட் எல்லாவற்றையும். வெறும் தரை, அதன் மேல் ரப்பர் விரிப்பு. துணைக்கு என்னையும் வரச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, நான் சொன்ன அந்த ஐந்தேகால். மகள் ஓட்டுகிறாள். ஐம்பது... அறுபது. வாசம் வந்தது. சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். மச்சானின் கால்கள் சீட்டின் மேல் இருந்தன. கீழே ரப்பர் விரிப்பில், கால் பதிந்த அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. எழுந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி விழுந்தது... எதையோ தேடுகிற மாதிரி.

வண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் ஒரு லாரி தெரிந்தது. பாதை முடியப் போகிறது. அப்போது என் பக்கத்து காலி சீட்டில், என் காதுக்கு மிக அருகில், ஒரு பெண் குரல்.

"சார்... இப்ப என்ன சார் பண்றது?"

மச்சான் திரும்பினான். பார்த்தது என்னை இல்லை, என் பக்கத்து சீட்டை. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கண்ணாடியப் பாரும்மா. லாரி தூரத்துலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி எடம் இருக்கு. நிறுத்தாத. வேகத்தக் குறைக்காத... இன்னும் மிதி. இப்ப உள்ள போ!"

அப்பா தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து மகள் மிதித்தாள். நுழைந்துவிட்டோம். லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"இவ்ளோதானாப்பா?" என்றாள் மகள். அவ்வளவுதான். ஒரு காலைப் பொழுது போதும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அவனுக்கு நேரம் இல்லாமல் போயிருந்தது.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தினோம். மகள் முகம் கழுவப் போனாள். என் பக்கத்து சீட்டில் பெல்ட் பூட்டியிருந்தது. நான் பூட்டவில்லை. மச்சான் அதைப் பார்த்துக் கைகூப்பி, "கிளாஸ் முடிஞ்சுதும்மா. எறங்கிக்கோ" என்றான். பெல்ட் அசையவில்லை.

"இன்னொரு தடவை போலாமா சார்?"

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பேன். படிக்க வந்தவள் பணிவாகக் கேட்கிற குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் இப்போது தனியாக வேலைக்குப் போய்வருகிறாள், ஒரு குறையும் இல்லை. மச்சான் ஸ்கூலை மூடிவிட்டான். ஆனாலும் ஞாயிறு தவறாமல் விடிகாலையில் என்னை எழுப்பி, வண்டியை ஓட்டச் சொல்லி, பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு அதே பாடத்தைச் சொல்கிறான். எட்டு மாதம் ஆகிறது.

இன்று காலையும் போனோம். வீட்டுக்கு வந்ததும் மச்சான் பழைய வகுப்பு நோட்டுகளை எல்லாம் தரையில் பரப்பினான். இருபத்திரண்டு வருடத்துப் பெயர்கள். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போன் போட்டான். எடுத்தவர்களிடம், "நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டான். நான் கிளம்பும்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

இன்று பின்சீட்டில் இரண்டு பெல்ட் பூட்டியிருந்தது.