ராமுத்தாயின் ஓட்டு

எங்கள் குழுவில் காலை வணக்கம் போடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது மேடம். அதைக் கொண்டுவந்தது நான்தான். தொழில் பேசுகிற இடத்தில் ரோஜாப்பூப் படம் எதற்கு என்று கேட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

என் பெயர் சசிகுமார். பெருமாநல்லூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக டையிங் மாஸ்டர். பட்டறையில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பனியன் துணியில் சாயத் திட்டு விழுந்தால் சத்தம் போடுவார்கள், விழாவிட்டால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பேஸ்புக்கில் சாய மாஸ்டர்களுக்கென்று ஒரு குழு இருப்பது தெரிந்து அதில் சேர்ந்தேன். பதினாலாயிரம் பேர். ஒருவர் சந்தேகம் கேட்பார், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். என் முதல் பதிலுக்கு நாற்பது லைக் விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் எனக்குப் பசிக்கவே இல்லை. ஒரே வருடத்தில் என்னை அட்மினாகவும் ஆக்கினார்கள்.

குறை ஒன்றுதான். எனக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை. அதனால் ராமுத்தாயை உண்டாக்கினேன். என் மனைவி தரணியின் பெயரில் சும்மா கிடந்த சிம் கார்டு, ஒரு செம்பருத்திப் படம், அவ்வளவுதான். வயது இருபத்தாறு, ஊர் சேவூர், சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன். படித்துப் பயன்பெற்றவர்கள் ஏராளம்.

ராமுத்தாய் மரியாதை தெரிந்த பெண். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பிறந்தநாளுக்கு முந்நூறு பேர் வாழ்த்தினார்கள். என் பிறந்தநாளுக்குப் பதினொரு பேர். அதில் ஒருத்தி ராமுத்தாய்.

ஜெபக்குமார் அண்ணன் அப்போதுதான் குழுவுக்கு வந்தார். அவிநாசி ரோட்டுப் பட்டறை ஒன்றில் லேப் பார்ப்பவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ராமுத்தாயின் போனில் கேள்வியைப் போட்டுவிட்டு என் போனை எடுப்பதற்குள் அவர் பதில் எழுதியிருப்பார். நல்ல பதில்தான். பட்டறையில் நானே செய்து பார்த்தேன், திட்டு போய்விட்டது. ராமுத்தாய் அவருக்கு நன்றி சொன்னாள். சொல்லாமல் இருக்கிறவள் இல்லை அவள்.

பிறகு அவர் தனியாகவும் எழுத ஆரம்பித்தார். தப்பாக ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டாயா என்று கேட்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, தனக்குக் காய்ச்சல் என்று அவள் அவருக்கு எழுதினாள். “லீவப் போட்டுட்டு நல்லாத் தூங்கு கண்ணு” என்றார். நான் லீவு போட்டுவிட்டுத் தூங்கினேன்.

தை மாதம் குழுவில் சிறந்த ஆலோசகர் யார் என்று ஓட்டெடுப்பு வைத்தோம். எனக்கு அறுநூற்றுப் பத்து. அவருக்கு அறுநூற்றுப் பதினொன்று.

ராமுத்தாய் யாருக்குப் போட்டாள் என்று கேட்கிறீர்கள். அவருக்குத்தான். முடிவதற்கு முன்னால் அவள் கணக்கில் போய் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. அது அவளுடைய ஓட்டு.

ஆனால் அதற்கப்புறம் அவளோடு பழையபடி இருக்க என்னால் முடியவில்லை.

மாசியில் அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். கறுப்புச் சாயம் ஓட்டிய மெஷினில் கறை போகவில்லை, என்ன செய்வது என்று. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் பவுடரும் போட்டுக் கொதிக்கவிடச் சொன்னார் அண்ணன். அதற்குக் கீழே இன்னொரு வரி போட்டார். ‘கொதி அடங்காம மூடியத் தொறந்தறாத கண்ணு.’ அந்த வரியை நான் நீக்கினேன். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு பதில் போடக் கூடாது என்று விதி இருக்கிறது.

மறுநாள் ராமுத்தாயின் அப்பா வெள்ளியங்கிரி குழுவில் சேர்ந்தார். சொன்னபடி மெஷினைக் கொதிக்கவிட்ட மகள் மூடியைத் திறந்தாள், நீராவி அடித்து இறந்துவிட்டாள், பட்டறை எதுவென்று கேட்காதீர்கள் என்று எழுதினார். எழுதும்போது எனக்கு அழுகை அடங்கவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேர் இரங்கல் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன்.

அன்று அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“சசி, மூடியப் பத்தி நா எழுதுனனே சாமி. நீ பாக்கலையா?”

“இல்லீங்ணா. எழுதியிருந்தா அங்கதானுங்களே இருக்கோணும்.”

“அப்ப நா எழுதலையாட்ட இருக்குது” என்று வைத்துவிட்டார்.

ஆபத்தான ஆலோசனை சொன்னவரைக் குழுவில் வைத்திருக்க முடியாது. நீக்கினோம். சேதி பரவி அவர் முதலாளியும் வேலையை விட்டு அனுப்பினார். அதன் பின் மூன்று வாரம் அவர் சேவூரில் வீதி வீதியாகத் துக்க வீட்டைத் தேடி அலைந்தார். வெள்ளியங்கிரிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘ஊடு எங்கீன்னு மட்டும் சொல்லுங்க. கால்ல உழுந்துட்டு வந்தர்றேன்.’

வர வேண்டாம், இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன் என்று வெள்ளியங்கிரி பதில் எழுதினார். பெண்ணைப் பறிகொடுத்த தகப்பன் வேறென்ன எழுதுவான்?

அண்ணன் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சேவூரில் அப்படி ஒரு சாவே இல்லை என்று கண்டு, அந்த சிம் நம்பரைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நீங்கள் ஜீப்புக்குப் போனதும் தரணி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “ஏனுங்க, யாருங்க அந்தப் புள்ள?” எனக்குத் தெரிந்த ராமுத்தாயை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ராமுத்தாய் என்று யாருமே இல்லை என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினீர்களாம். தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து மறுபடியும் சேவூர் பஸ்ஸில் ஏறிவிட்டாராம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் எழுதிய வரியை அழித்தது நான். அவர் எழுதவில்லை என்று அவரையே நம்பவைத்தது நான். தகப்பனாக இருந்து மன்னிப்பை மறுத்ததும் நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தச் சாவை மட்டும் என் பெயரில் எழுதாதீர்கள் மேடம். மூடியைத் திறந்தது அவள்தான்.