குத்தம் பூரா துப்பாக்கியிலதான்

இல்லீங்க, நான் உக்கார மாட்டனுங்க. டீயும் வேண்டாம். கையெழுத்தப் போட்டுத் துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடறதுக்கு நான் வரல. பள்ளிபாளையத்துல இருந்து சேலத்துக்கு வண்டி ஓட்டிட்டு வந்துருக்கறனே, மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க நவநீதண்ணா. துப்பாக்கிக்கு இந்த மரக்கட்டயையா நான் கேட்டேன்?

ஆமாங்க, அக்ரூட் மரந்தான் கேட்டேன். தேக்கு கனம், வேண்டாம்னதும் நான்தான். நெறம் நல்லாருக்குது, அத யாரு இல்லைன்னா? நீளத்தப் பாருங்க. தோள்ல முட்டுக் குடுத்தா கன்னம் எங்க போய் உக்காருது? நான் குடுத்த அளவுதான்னு சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். தறிக்காரன் குமாரசாமி ஒரு அளவு குடுத்தான்னா, இது சரியாப்பான்னு திருப்பி ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? துப்பாக்கிக் கட நடத்தறது நீங்களா, நானா?

சரி, கட்டய உடுங்க. குழலுக்கு வாரேன். பழசுங்க. தெரிஞ்சுதான் வாங்குனேன், யாரோ ரைபிள் கிளப்புக்காரரு கண்ணு மங்கிப் போச்சுன்னு உங்ககிட்ட வித்த ரைபிளு. குழலும் போல்ட்டும் அவருது. கட்ட, ட்ரிக்கரு, குறி பாக்கற ஸ்கோப்பு மட்டும் புதுசு. எல்லாமே புதுசாப் போடறதுக்கு நமக்கு வக்கில்லீங்க. தறியே நாங்க அப்படித்தான் போடுவோம். சட்டத்தப் பழசா வாங்கி மோட்டாரப் புதுசா மாட்டுவோம். எதுல மிச்சம் புடிக்கலாம், எதுல புடிக்கக் கூடாதுன்னு எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டியதில்ல. வெளிநாட்டு ஸ்கோப்பு வேண்டாம், அந்தக் காச ட்ரிக்கர்ல போடுங்கன்னு சொன்னவன் நானு.

இதுக்காக நானும், போட்டியில சுடற என்ற பையன் சிவபிரகாஷும் போடாத சண்ட இல்லீங்க. சோத்துத் தட்ட முன்னால வெச்சுட்டு அவன் குழல்தான் முக்கியங்கறான், நான் கட்டங்கறேன். சித்ரா, என்ற சம்சாரம், அப்பனும் மகனும் துப்பாக்கியவே தின்னுட்டுப் படுத்துக்கங்கன்னு சோத்துப் பானைய மூடி வெச்சுட்டுப் போயிருவா. அப்படிப் பாத்துப் பாத்துச் சொன்னதுங்க இது.

சிரிக்காதீங்க. ட்ரிக்கர் என்ன லச்சணத்துல இருக்குது? வெரலு பட்டாலே உளுந்துருது. போட்டிக்குச் சுடறவங்க இப்படித்தான் கேப்பாங்களா? கேக்கட்டும். நான் கேக்கலியே. என்னது, போன்ல சொன்னனா? சொல்லியிருப்பேன். அப்பச் சொன்னேன், இப்ப வேண்டாங்கறேன். மனுசனுக்கு மனசு மாறக் கூடாதா?

எங்க, போல்ட்ட இழுங்க. தள்ளுங்க. மறுக்கா. உரசல் கேக்குதா இல்லியா? வெண்ணையில ஓடற மாதிரி இருக்குதாமா! எனக்குக் கரகரங்குது. செட்டுல ஒரு தறி மக்கர் பண்ணுனா ஊட்டுக்குள்ள இருந்தே சொல்ற காது இது. எனக்கே...

அட, பையன எதுக்குங்க கூப்புடறீங்க? நில்லுங்க. கதவத் தொறக்காதீங்க! தோள்ல வெச்சுப் பாக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன் கார்லயே இருக்கட்டும். இத அவன் கையில குடுக்காதீங்கங்கறேன், காதுல உளுகலியா?

கோவம் வருதுங்களா? வரோணும். நொட்ட சொல்றதுக்குன்னே வந்துருக்கறான்னு நெனைக்கறீங்க. ஆமாங்ணா. அதுக்குத்தான் வந்துருக்கறேன்.

கொஞ்சம் இப்படி வாங்க. உங்க முதுகு மட்டும் அவனுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. கைய ஆட்டிட்டே இருங்க, வாதம் பண்ற மாதிரி.

கட்ட சரியாத்தானுங்க இருக்குது. ட்ரிக்கரு, போல்ட்டு, எல்லாமே. இத்தன பாங்கா வேல செஞ்சவரத் திட்டறனேன்னு மனசு கூசுது. ஆனா கத்துனதுல பாதிக் கோவம் நெசமுங்க, உங்க மேல இல்ல. ஊட்டுல நாங்க சத்தம் போட்டு நாளாச்சு. பூன மாதிரி நடக்கறோம். ஒரு டம்ளர் கீழ உளுந்தா மூணு பேரும் மூச்ச நிறுத்தீர்றோம்.

அவன் போன மாசம் உசுர உட்டுரலாம்னு போயிட்டானுங்க. பொழச்சுட்டான். எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல. ரோசன பண்ணிப் பண்ணி மண்ட காஞ்சு போச்சு. சோத்துத் தட்டத்துக்கு முன்னால எங்கூடச் சிரிச்சுச் சண்ட போட்டவன்தானுங்க. அப்ப அவன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பேசிட்டிருந்தேன்னு நெனச்சேன். நான் பாத்தது துப்பாக்கியத்தானோ என்னமோ.

ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாந்த அன்னைக்கே கெணத்துக்குக் கம்பி வல போட்டாச்சு. தோட்டத்து மருந்து ரூம்பப் பூட்டிச் சாவியச் சித்ரா தாலிக்கொடியில கோத்துப் போட்டிருக்கறா. இத்தனையும் பண்ணிட்டு உக்காந்துருக்கறப்ப, துப்பாக்கி ரெடின்னு நீங்க போன் போட்டீங்க. எடுத்தது அவன். அதுலருந்து, எப்பப்பா போலாம், எப்பப்பா போலாம்னு தெனமும் கேக்கறான். ஆசையில கேக்கறானா, வேற நெனப்புல கேக்கறானா? பெத்தவனுக்கு அது தெரியல பாருங்க. இன்னைக்கு நான் கெளம்பறதப் பாத்து அவனே வந்து வண்டியில ஏறிக்கிட்டான்.

வேண்டாம் சாமின்னு ஒரு வார்த்தையில சொல்லீரலாமுங்க. என்னய நம்பலீங்களாப்பான்னு கேப்பானே, அதுக்கு என்ன சொல்றது? நம்பறேன்னா எடுத்துட்டுப் போகோணும். நம்பலைன்னு சொல்லிட்டா, அப்பறம் அவன் எதப் புடிச்சுட்டு இருப்பான்?

அதனால குத்தம் துப்பாக்கியில இருக்கோணுமுங்க, அவன்கிட்ட இல்ல. காச முழுசாக் குடுத்தர்றேன். உங்க லாக்கர்லயே கெடக்கட்டும். எத்தன மாசம்னு கேக்காதீங்க. அவனே போன் போட்டாலும் சாமான் வரல, அளவு சேரலைன்னே சொல்லிட்டிருங்க. டாக்டரு சொல்ற அன்னைக்கு நானும் அவனும் சேந்து வாரோம்.

கார்க் கண்ணாடிய எறக்கீட்டான். இங்கதான் பாக்கறான். இப்ப நான் மறுபடியும் கத்தப் போறனுங்க, வாயில என்ன வருமோ தெரியாது, மனசுல வெச்சுக்காதீங்க. நீங்களும் இப்படிக் கண்ணக் கலக்கிட்டு நிக்காதீங்ணா. ரெண்டு வார்த்த நறுக்குன்னு திருப்பிக் குடுங்க. இல்லீன்னா கண்டுபுடிச்சுருவான். ரொம்பக் கெட்டிக்காரனுங்க என்ற பையன்.