நாளைக்கு டாக்டர் வாராரு

சன்னாசி: இன்னிக்கு வெள்ளிக்கெழமதானக்கா?

நவமணி: வெள்ளியா! கிழிஞ்சது போ. நாளைக்கு டாக்டருகிட்ட இப்பிடியே சொல்லு, பொட்டியக் கட்டி தைப்பிங்குக்கு ஏத்திருவாங்க.

சன்னாசி: அங்க என்னவாம்?

நவமணி: மறதிக்காரங்க வூடுலா. வெளிய பூட்டிருவாங்க. அங்க மழ ஓயாது... ஆனா நனையக்கூட விட மாட்டாங்க. இன்னிக்கு செவ்வா.

சன்னாசி: எப்பிடிச் சொல்ற?

நவமணி: மத்தியானம் ரசம்னு சொல்லி சுடுதண்ணி ஊத்துனாங்கல்ல? அப்ப செவ்வாதான்.

சன்னாசி: மூணு வார்த்த சொல்லி, திருப்பிக் கேப்பாராமே. வாழப்பழம், கொட...

நவமணி: நாக்காலி! சக்கர நாக்காலியில குந்திக்கிட்டே அத மறக்குற. இனிப்புநீரு வியாதிக்கு கால எடுத்தாங்க சரி, மூளையவுமா எடுத்தாங்க?

சன்னாசி: திட்டாதக்கா... கடியாரம் வேற வரையணுமாம். சூசாலா, ரொம்பக் கஷ்டம்.

நவமணி: ஏன், அவரு கையில கட்டியிருக்காரே, அது ஓடலையாமா?

சன்னாசி: அக்கா!

நவமணி: சரி சரி... வட்டம் போடு. பன்னெண்டு மேல, ஆறு கீழ.

சன்னாசி: பிரதம மந்திரி யாருன்னு கேட்டா?

நவமணி: அதத் தப்பா சொன்னா ஒருத்தரும் குத்தஞ் சொல்ல மாட்டாங்க. மாத்தி மாத்தி வந்ததுல ஊரே மறந்துபோச்சு.

சன்னாசி: இது எந்த எடம்னு கேட்டா...

நவமணி: மூணாம் நம்பர் ரப்பர் தோட்டம். பால் ஸ்டோரு.

சன்னாசி: இல்லக்கா... ஈப்போ, முதியோர் இல்லம்னு சொன்னாத்தான் மார்க்காம். தோட்டத்த வித்து எத்தன வருசம்...

நவமணி: அந்த டாக்டரு பொறக்குறதுக்கு முந்தியே நான் இந்த எடத்துல பால்வாளி தூக்குனவ! பாவம்... பெரிய படிப்பு படிச்சவரு, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஈப்போன்னே சொல்லித் தொல.

சன்னாசி: நீ ஒருதரம் மொத்தமா சொல்லேன், கேட்டுக்கறேன்.

நவமணி: நாளைக்கு புதன். ஈப்போ, முதியோர் இல்லம். வாழப்பழம், கொட, நாக்காலி. போதுமா?

சன்னாசி: அப்பாடா...

நவமணி: என்ன பெருமூச்சு? பரீட்ச ஒனக்கா, எனக்கா?

சன்னாசி: எ... எனக்குத்தான்.

நவமணி: புளுகாத. எங்கட்டுலு தலமாட்டுல டாக்டரு பாக்கணும்னு நர்சு மிஸ்ஸி காயிதம் ஒட்டிட்டுப் போனாளே... எம்பேர எனக்குப் படிக்கத் தெரியாதா?

சன்னாசி: தெரிஞ்சுக்கிட்டேவா மூணு நாளா எனக்கு வாத்தியார் வேல பாத்த?

நவமணி: சொல்லிக் குடுக்குறவன்னா திட்டிக்கிட்டே இருக்கலாம். படிச்சுக்கறவன்னா ஒக்காந்து அழணும்லா... பயமா இருந்துச்சு.

சன்னாசி: கைகாரிதான் நீ! தைப்பிங்காவது மண்ணாவது, இனி ஒன்ன எவன் கொண்டு போவான்? இன்னும் ஒன்னே ஒன்னு. என்னயக் கையக் காட்டி, இது யாருன்னு கேப்பாரு.

நவமணி: அதயுமா கேப்பாரு?

சன்னாசி: சொல்லுக்கா.

நவமணி: அத ஒங்கிட்டயே எப்பிடிக் கேக்குறதுன்னுதான்... வெக்கமா இருந்துச்சுய்யா. யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருப்ப. எந்தம்பி சன்னாசி வரட்டும், நீ யாருன்னு அவங்கிட்ட கேட்டு வச்சுக்கறேன்.